தீ வகுத்த எல்லை

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



உலகத் தாவரவியலார் தம் நூல்களில் எடுத்தாளும் தமிழ்ச் சொற்கள் சிலவே. அவற்றுள் ஒன்று 'சோலை'. மேற்குத் தொடர்ச்சி மலையின் உயர்ந்த பகுதிகளில், மலை மடிப்புகளிலும் ஓடைக் கரைகளிலும் குட்டை மரங்கள் நெருங்கி நிற்கும் பசுங்காட்டினை ஆங்கிலத்தில் எழுதும் அறிஞரும் சோலை என்றே குறிப்பர். அச்சோலையைச் சூழ்ந்து, குன்றின் முதுகெல்லாம் போர்த்துக் கிடக்கும் புல்வெளிக்கோ அப்பேறு வாய்க்கவில்லை. தமிழிலும் புல்லின் நிலை அத்துணை உயர்ந்ததன்று. புன்மை, புல்லன், புல்லறிவு எனச் சிறுமை சுட்டும் சொற்கள் பலவும் அச்சொல்லோடு ஒலியுறவு உடையனவாகவே காணப்படுகின்றன. மரத்தை வாழ்த்தாத கவிஞர் இலர்; புல்லை வாழ்த்தியவரை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

சோலை முடிந்து புல் தொடங்கும் அந்த எல்லையை வகுப்பது யாது? அதனைக் காப்பதில் தீயிற்கு உரிய பங்கு யாது? இவ்விரு வினாக்களே இவ்வுரையின் பொருள். இயற்கை நூலார்க்குரிய இப்பொருள் கவிஞர் அவைக்கு ஏன் எனின், ஒரு நிலத்தை மக்கள் எச்சொல்லால் அழைக்கின்றனரோ அச்சொல்லே பலகாலும் அந்நிலத்தின் விதியாகிவிடுகிறது. புல்வெளிக்கு நேர்ந்ததும் அதுவே.

கோட்டின் இயல்பு

வெள்ளியங்கிரிக்கு மூங்கிற்கழி ஊன்றி ஏறும் அடியார் கீழ்மலைகளில் மரநிழலிலே நடந்து, மேல்மலைகளில் திறந்த புற்சரிவுக்கு வந்து சேர்வர். வால்பாறைக்கு அப்பால் அக்காமலையை அடுத்த புல்மலையிலும், நீலகிரியின் முக்கூர்த்தியிலும் இக்காட்சி இன்னும் தெளிவாகப் புலப்படும். ஏறத்தாழ 1,700 மீட்டர் உயரத்திற்கு மேலே மலை முழுவதும் புல். மடிப்புகளில் மட்டும் கரும்பச்சைத் திட்டுகளாகச் சோலை. காடு மெல்ல மெல்லக் குறைந்து புல்லாக மாறுவதில்லை. ஓரடியில் பாசி படர்ந்த அடிமரமும் ஈரச் சருகும் குளிர் நிழலும். சில அடிகள் கடந்தால் இடுப்பளவுப் புல்லும் வெயிலும் காற்றும். மழை இருபுறமும் ஒன்றே; காற்றும் ஒன்றே. ஆயினும் வேலி இட்டாற்போல ஒரு கோடு.

இக்கோட்டின் இருபுறத்து வாழ்வும் வெவ்வேறு. சோலைக்குள் கருமந்தி வாழ்கிறது. புல்வெளியில் வரையாடு மேய்கிறது. சங்கச் சான்றோர் வருடை என வழங்கியது இவ்விலங்கையே என்பர். தமிழ்நாட்டின் மாநில விலங்காகிய இதன் தொகை 2024ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இம்மாநிலத்தில் 1,031 எனக் கணிக்கப்பட்டது. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சியும் புற்சரிவின் செடியே. அடர்ந்த மரநிழல் அதற்கு ஆகாது. குறிஞ்சித் திணைக்குப் பெயரீந்த பூ காட்டின் பூவன்று என்பதை நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.

தீயின் தொழில்

புல் தீயோடு பிறந்து தீயோடு வளர்ந்த குடியைச் சார்ந்தது. வெப்பநாட்டுப் புல்வகைகள் ஏறத்தாழ 80 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் தொடங்கி உலகெங்கும் பரவலாயின. அவற்றின் உயிர் நுனியில் இல்லை, அடியில் உள்ளது. மேலே எரியும் நெருப்பின் வெம்மை மண்ணுக்குள் சில விரற்கடை ஆழத்திற்குக் கீழே பெரிதும் இறங்குவதில்லை. ஆதலால் தாள் கரிந்தாலும் தூர் பிழைத்துக்கொள்கிறது. சிறு தூறல் விழுந்தாலும் சில நாள்களில் கருகிய நிலத்தில் பசுந்தளிர் எழுகிறது. எரியாது நின்ற முதிர்ந்த புல்லோ தன் உலர்ந்த தாள்களாலேயே தன் குருத்துக்கு வெயில் படாமல் மறைத்து நலிகிறது.

சோலை மரத்தின் இயல்பு இதற்கு மாறானது. அதன் பட்டை மென்மையானது. வேனிலில் புல்லுக்கிடையே முளைத்த சோலைக் கன்று, தீயின் நாக்குக்கு எட்டாத உயரம் வளரும்வரை ஆண்டுதோறும் உயிருக்கு அஞ்சி நிற்க வேண்டும். பெரும்பாலான கன்றுகள் அவ்வுயரத்தை எட்டுவதில்லை. புல்வெளியின் நடுவே செந்நிறப் பூங்கொத்துகளோடு தனித்து நிற்கும் காட்டுப்பூவரசு போன்ற சில மரங்களே தடித்த பட்டையால் தீயையும் பனியையும் ஒருங்கே தாங்கவல்லன.

அவ்வாறாயின் தீ ஏன் சோலையையும் உண்டு முடிக்கவில்லை? சோலை தன் நிழலாலேயே தன்னைக் காத்துக்கொள்கிறது. நிழலில் புல் வளராது. புல் இல்லாத இடத்தில் தீயிற்கு உணவில்லை. உள்ளே சருகு ஈரமாகக் கிடக்கிறது, காற்று அடங்கியிருக்கிறது. குன்றின்மேல் சீறிவரும் எரி சோலையின் விளிம்பை அடைந்ததும் பெரும்பாலும் தானே தணிகிறது. இங்ஙனம் புல் தீயை அழைத்து மரத்தைத் தடுக்கிறது. மரம் நிழலை விரித்துத் தீயைத் தடுக்கிறது. ஒவ்வொன்றும் தனக்கு உகந்த உலகத்தைத் தானே படைத்துக்கொள்கிறது. இரண்டும் சந்திக்கும் இடமே அக்கோடு.

அக்கோடு அசைவற்றதன்று. பல்லாண்டு தீ வாராதொழிந்தால் விளிம்பிலுள்ள புதர்கள் வெளியே அடி வைக்கும்; அவற்றின் நிழலில் புல் மெலியும்; மெலிந்த புல்லில் தீ ஓடாது; சோலை முன்னேறும். மாறாக, கொடிய வறட்சியில் எரி சோலைக்குள் புகுந்துவிட்டால் மேற்கவிகை திறந்து வெயில் இறங்கும், வெயிலோடு புல் வரும், புல்லோடு அடுத்த தீயும் வரும், சோலை பின்வாங்கும்.

இது கொங்கு நாட்டு மலைகளுக்கு மட்டும் உரிய செய்தியன்று. ஆப்பிரிக்கா முதலிய கண்டங்களில், ஆண்டு மழை 1,000 முதல் 2,500 மில்லிமீட்டர் வரை பெய்து, உலர்பருவம் அளவோடு அமைந்த இடங்களில், அடர்காடும் மரம் விரவிய புல்வெளியும் ஒரே தட்பவெப்பத்தில் அருகருகே அமைவதையும், தீயின் வரவே அவ்விரண்டையும் பிரிப்பதையும் 2011ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வு ஒன்று எடுத்துக்காட்டியது. தென்னாப்பிரிக்க அறிஞர் வில்லியம் பாண்டும் அவர்தம் தோழரும் தீயே இல்லாத உலகம் எவ்வாறு இருக்கும் என்று கணிப்பொறி வழியே கணித்து 2005இல் வெளியிட்டனர். தாவரம் போர்த்த நிலப்பரப்பில் 27 விழுக்காடாக உள்ள அடர்காடு, தீ இல்லையாயின் 56 விழுக்காடாகிவிடும் என்பது அவர்கள் கண்ட முடிவு. உலகின் பரந்த புல்வெளிகளுள் பெரும்பகுதி தீயின் தயவால் நிற்பது என்பதே இதன் பொருள்.

தமிழ்க் கவிதை தீயின் இரு தொழில்களை நன்கறியும். ஒன்று அழித்தல், மதுரை எரிந்த கதை அதற்குச் சான்று. மற்றொன்று தூய்மை செய்தல். வேள்வியும் நந்தனார் வரலாறும் அதற்குச் சான்று. மூன்றாவதாக ஒரு தொழில் உண்டு. அஃது எல்லை காத்தல். கொங்கு நாட்டு ஊர்களின் எல்லையில் அரிவாள் ஓங்கி அமர்ந்திருக்கும் முனியப்பனை எண்ணிப் பார்க்கலாம். அவர் கொடியவர், ஆயினும் காவலர். அவருக்குரிய படையலை ஆண்டுதோறும் உரிய காலத்தில் இடுதல் வேண்டும். மறந்தாலும் ஊருக்கு ஆகாது, மிகுத்தாலும் ஆகாது. மலைமேல் தீயும் அத்தகைய தெய்வமே.

1938: இரு கட்டுரைகள்

தீ ஒன்றே அக்கோட்டை வரைந்தது என்று முடித்துவிடலாமா? அறிஞர் உலகில் இது நெடிய வழக்கு. 1938ஆம் ஆண்டில் 'இந்தியன் பாரஸ்டர்' இதழில் நீலகிரித் தாவரங்களைப் பற்றி இரு கட்டுரைகள் வெளிவந்தன. ஒன்றனை எழுதியவர் சி.ஆர். ரங்கநாதன். சோலையும் புல்வெளியும் தத்தம் இடத்தில் நிலைபெற்ற இயற்கை நிலங்களே. திறந்த வெளியில் உறைபனி மரக்கன்றுகளைக் கொல்வதால் அங்குப் புல் நிலைத்தது என்பது அவர் கொள்கை. மற்றொன்றனை எழுதியவர் டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தின் தாவரவியலாளரும் புல்லின அறிஞருமான என்.எல். போர். மனிதன் இட்ட தீயும் மாடு மேய்ச்சலுமே காட்டைப் புல்வெளியாக்கி அந்நிலையில் நிறுத்தியுள்ளன என்பது அவர் வாதம்.

இவ்வழக்கின் தீர்ப்பு ஏட்டுப் பூசலாக முடிவதன்று. போர் கூறியது முழுவதும் மெய்யாயின் புல்வெளி என்பது அழிந்த காடு. அதில் மரம் நடுதல் அறம். ரங்கநாதன் கூறியது மெய்யாயின் புல்வெளி தன்னளவில் ஒரு தொல்நிலம். அதில் மரம் நடுதல் அந்நிலத்தை அழித்தல்.

சான்று சேற்றுக்குள் இருந்தது. நீலகிரியின் பள்ளத்தாக்குச் சதுப்புகளில் மட்கியும் மட்காமலும் அடுக்கடுக்காய்த் தேங்கிய கரிமண், ஒரு பழஞ்சுவடிக் கட்டினை ஒத்தது. வெப்பநாட்டுப் புல் காற்றிலிருந்து கார்பனைக் கொள்ளும் முறை வேறு. மரங்கள் கொள்ளும் முறை வேறு. ஆதலால் கார்பன்-13 என்னும் எடை மிகுந்த அணுவின் விகிதம் இரண்டிலும் வேறுபடும். எந்த அடுக்கில் எது மிகுந்திருந்தது என்பதை அவ்விகிதம் காட்டிக்கொடுக்கும். ஆர். சுகுமார், ஆர். இரமேஷ், ஆர்.கே. பந்த், ஜி. ராஜகோபாலன் ஆகிய நால்வரும் இம்முறையில் கண்ட முடிவினை 1993இல் 'நேச்சர்' இதழ் வெளியிட்டது. ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், உலகம் பனியால் உறைந்து பருவமழை மெலிந்திருந்த காலத்தில், நீலகிரியில் புல் ஓங்கியிருந்தது. ஏறத்தாழ 11,000 ஆண்டுகளுக்கு முன் பருவமழை வலுத்தபோது ஈரம் விரும்பும் தாவரங்கள் பெருகின. பின்னர் 6,000 முதல் 3,500 ஆண்டுகளுக்கு முற்பட்ட இடைக்காலத்தில் வறட்சி மிகவே மீண்டும் புல் விரிந்தது. உழவும் ஆயர் வாழ்வும் இம்மலைகளில் வேரூன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே புல் இருந்தது என்பது இதனால் தெளிவாகிறது. காடழித்துக் கிடைத்த நிலமன்று இது.

உறைபனி பற்றிய கொள்கையும் அண்மையில் உரைத்துப் பார்க்கப்பட்டது. பெங்களூரின் தேசிய உயிரியல் அறிவியல் மையத்தைச் சார்ந்த அதுல் ஜோஷி, ஜெயஸ்ரீ ரத்னம், மகேஷ் சங்கரன் ஆகியோர் நீலகிரியில் செய்த ஆய்வு 2020இல் வெளியாயிற்று. புல்வெளியில் வைத்த சோலை நாற்றுகள் பனிக்கால இரவுகளின் கடுங்குளிரில் மிகுதியும் மடிந்தன. அயல்நாட்டுச் சீகை மரத்தின் நாற்றுகளோ அக்குளிரைத் தாங்கின.

ஆகவே உயர்மலையில் தீ தனித்து ஆளவில்லை; பனியோடு சேர்ந்து ஆள்கிறது. மார்கழி, தை இரவுகளில் உறைபனி கன்றுகளைக் கருக்கிப் புல்லின் தாளை உலர்த்துகிறது. பனி உலர்த்திய அப்புல்லை மாசி, பங்குனியில் தீ உண்கிறது. பனிக்குத் தப்பிய கன்று தீயிற்கு இரையாகிறது. மலையை விட்டுக் கீழிறங்கிச் சத்தியமங்கலம், முதுமலை போன்ற இலையுதிர் காடுகளை அடைந்தால் பனியின் கை தளர்கிறது. வறட்சியும் தீயும் மேய்ச்சலுமே அங்கு மரத்தையும் புல்லையும் நிறுத்து அளக்கின்றன.

முதற்பொருள்

நிலமும் பொழுதும் முதற்பொருள் எனத் தொல்காப்பியம் வகுத்தது. நிலத்தை மட்டும் கூறாமல் பொழுதையும் உடன்வைத்த நுட்பம் ஈண்டுக் கருதத்தக்கது. மேலே கண்ட எல்லைக்கோட்டினை நிலம் மட்டும் வரையவில்லை, பொழுது வரைகிறது. பனிக்காலம் ஒரு கோடு இழுக்கிறது. வேனில் அதனை ஆழப்படுத்துகிறது. கார்காலம் இருபுறத்தையும் தளிர்க்கச் செய்கிறது. குறிஞ்சிக்குக் கூதிரும் முன்பனியும் பெரும்பொழுதாகவும், யாமம் சிறுபொழுதாகவும் உரைக்கப்பட்டன. முன்பனியின் நள்ளிரவே புற்சரிவில் மரக்கன்றுகள் மடியும் நேரம். தொல்காப்பியர் உயிரியல் எழுதினார் என்பதன்று கருத்து; மலையோடு வாழ்ந்த மக்களின் நோக்கு அவ்வளவு கூர்மையாக இருந்தது என்பதே கருத்து.

திணைகள் தம்முள் மயங்குவதைத் தொல்காப்பியம் விலக்கவில்லை. நிலம் இரண்டு ஓரிடத்தே கலந்து ஒன்றாதலை மட்டும் அது ஒப்பவில்லை. சோலை விளிம்பில் நிற்பவர்க்கு இவ்வேறுபாடு கண்கூடு. சோலைப்பறவை புல்வெளிமேல் பறக்கும். புல்வெளி மான் சோலை நிழலில் ஒதுங்கும். உயிர்கள் மயங்கும், நிலங்கள் மயங்கா.

பாலை பற்றி இளங்கோவடிகள் கூறியதையும் இங்கு இணைத்துக் காணலாம். முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் தம் இயல்பு திரிந்து துன்புறுத்தும் நிலையே பாலை என்றார் அவர். ஒரு நிலம் வேறொரு நிலமாக மாறும் என்பதையும், மாற்றுவது பொழுதின் கொடுமை என்பதையும் தமிழ் மரபு அறிந்திருந்தது. மலைவாணர் காட்டைச் சுட்டுத் தினை விதைத்ததும் அம்மரபு அறிந்ததே. புதிதாகத் திருத்திய புனத்தை 'இதை' என்றும், பழைய புனத்தை 'முதை' என்றும் பிரித்து வழங்கும் அளவிற்கு அவ்வாழ்வு சொல்வளம் பெற்றிருந்தது. ஒன்றில் மட்டும் பழைய புலவர் கூற்றை இன்றைய வனத்துறையினர் ஏற்பதில்லை. மூங்கில்கள் உரசித் தீப் பிறப்பதைப் புலவர் பாடினர். இன்று மேற்குத் தொடர்ச்சி மலையில் எரியும் தீயில் ஏறத்தாழ அனைத்தும் மனிதர் கையிலிருந்து பிறப்பதே.

'தரிசு' என்னும் சொல்

ஆங்கிலேயர் ஆட்சியின் வருவாய்க் கணக்கில் உழவு நிலம் உண்டு. மரம் தரும் காடு உண்டு. இரண்டிலும் சேராத புல்வெளிக்குக் கிடைத்த பெயர் தரிசு. சென்னை வனச் சட்டம் 1882இல் வந்தது; காட்டில் தீயிடுதல் குற்றமாயிற்று. அதற்கு முன்பே, 1843ஆம் ஆண்டளவில் நீலகிரிக்கு யூகலிப்டஸ் வந்துவிட்டது, சீகையும் வந்தது. முதலில் விறகு கருதியும், பின்னர்த் தோல் பதனிடும் பட்டைச்சாறு கருதியும், ஆலைகளுக்கு மரக்கூழ் கருதியும் புல்வெளிகளில் இம்மரங்கள் அணியணியாக நடப்பட்டன. சிறுமுகையில் இயங்கிவந்த விஸ்கோஸ் ஆலைக்கு நீலகிரி மரம் இறங்கியதைப் பவானிக்கரை மக்கள் அறிவர். கொங்கு நாட்டின் நெசவுக்கும் நூலுக்கும் மலைப் புல்வெளி கொடுத்த விலை எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. தரிசுக்கு ஏது விலை?

பழனிமலையில் நிகழ்ந்ததை 2018இல் வெளியான செயற்கைக்கோள் பட ஆய்வு அளந்து காட்டியது. நாற்பதாண்டுகளில் அம்மலையின் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு மறைந்துவிட்டது. தோப்புகளும் வேளாண்மையுமே காரணம். அக்காலம் முழுவதும் காடு பெருகியதாகவே மேலோட்டமாக நோக்கியவர்க்குத் தோன்றியிருக்கும். பசுமை குறையவில்லை அல்லவா?

தீயைத் துறந்தபின்

தோடர் தம் எருமைகளுக்காக உலர்பருவத்தில் புல்லுக்குத் தீயிட்டுப் புதுத்தளிரை வரவழைத்து வந்தனர். அவர்தம் கோயிற் கூரைக்கு வேயும் புல்லும் அம்மலையின் சதுப்பில் விளைவதே. ஈரோடு மாவட்டத்து மலைகளிலும் அவற்றை அடுத்த பிலிகிரிரங்கன் மலையிலும் வாழும் சோளகர், ஆண்டின் தொடக்கத்தில் சருகு மட்டும் எரியுமாறு இடும் சிறுதீயைத் 'தரகு பெங்கி' என்பர். பிலிகிரிரங்கன் மலை 1970களில் சரணாலயமாகித் தீ விலக்கப்பட்டது. அதன்பின் உண்ணிச்செடி காட்டை மூடிற்று என்றும், நெல்லி மரங்களில் புல்லுருவி மிகுந்தது என்றும் சோளகர் கூறுகின்றனர். ஆய்வாளரும் இக்கூற்றினைப் பதிந்து ஆராய்ந்துள்ளனர். சிறுதீயை விலக்கிய காட்டில் எரிபொருள் சேர்கிறது. சேர்ந்த எரிபொருள் பெருந்தீயிற்குக் காத்திருக்கிறது.

ஆயினும் தீயைப் போற்றிப் பேசும்போது குரல் தாழ்த்திப் பேசுதல் வேண்டும். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் பற்றிய தீயில் மலையேறச் சென்றவர் 20-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். சென்னையிலிருந்து சென்றவரோடு ஈரோடு, திருப்பூர்ப் பகுதியினரும் அக்குழுவில் இருந்தனர். கொங்கு நாட்டு இல்லங்களில் அந்த மாசியின் வடு இன்னும் ஆறவில்லை. உலர்ந்த புற்சரிவில் தீ மேல்நோக்கி ஓடும்போது தன் முன்னே உள்ள புல்லைத் தன் வெம்மையாலேயே உலர்த்திக்கொண்டு ஓடும். மனிதக் கால்கள் அதனை வெல்ல மாட்டா. மலையில் வாழ்பவர் இதனை அறிவர். தீயோடு பழகும் அறிவு மலைமக்களிடம் ஒடுங்கி, சமவெளி மக்களுக்கு அது முற்றும் அயலாகிப்போன காலத்தின் துயரங்களுள் ஒன்று குரங்கணி. எல்லைத் தெய்வத்தின் பெயரையே மறந்தவர் இரவில் எல்லை கடந்ததைப் போன்றது அது. மாண்டவர்மீது குற்றமில்லை, மறதி ஒரு சமுதாயத்தினுடையது.

இன்னொரு சிக்கலும் உண்டு. பழைய தீயை மீண்டும் மூட்டினால் பழைய புல்வெளி மீளும் என்று எண்ணுதற்கும் இடமில்லை. சீகையின் விதைத்தோல் மிகக் கடியது. மண்ணில் பல்லாண்டு உறங்கிக் கிடப்பது. நெருப்பின் சூடு பட்டதும் தோல் வெடித்துக் கூட்டங்கூட்டமாக முளைப்பது. சோலை மரத்தைத் தடுத்த தீ, சீகைக்குக் கதவு திறந்துவிடுகிறது. காவலன் பகைவன் பக்கம் சேர்ந்தாற்போல ஆயிற்று. உலகம் வெம்மையுறும்போது உறைபனியும் குறையும். மற்றொரு காவலனும் தளர்வான். அயல் தாவரங்களை அகற்றி இயற்கையை மீட்பதற்கெனத் தமிழ்நாடு அரசு 2022இல் ஒரு கொள்கை வகுத்தது. சீகையை வேரோடு அகற்றிய இடத்தில் புல்லை நட்டும், முளைக்கும் சீகை நாற்றுகளை ஆண்டுதோறும் கையால் பிடுங்கியும், அதன்பின்னரே தீயின் காலமும் அளவும் கருதியும் செய்தற்குரிய நெடும்பணி அது. நெருப்பை முற்றும் விலக்குவோரும், எங்கும் மூட்டுக என்போரும் அப்பணிக்கு உதவார்.

கவிஞர்க்கு ஒரு விண்ணப்பம்

சமவெளிக் கொங்கு மக்களுக்குப் புல்லின் அருமையைப் புதிதாகக் கற்பிக்க வேண்டுவதில்லை. காங்கயம், தாராபுரம் பகுதிகளின் கொரங்காடு அதற்குச் சான்று. கிளுவை வேலிக்குள் கொழுக்கட்டைப் புல். புல்லுக்கிடையே அங்கங்கே வெள்வேல் மரம். மரம் மிகுந்தால் புல் குன்றும் என்றும், மரமே இல்லையேல் மாட்டுக்கு நிழலும் நெற்றும் இல்லை என்றும் கண்டு, இரண்டையும் அளவோடு நிறுத்திய அறிவு அது. அங்குத் தீயின் தொழிலை மாட்டின் வாய் செய்கிறது. காங்கயம் காளையின் திமிலைப் பாடும் நாடு, அத்திமிலை வளர்த்த புல்லையும் அறிந்தே வைத்திருந்தது. அந்த அறிவை மலையளவு உயர்த்துவதே இன்று வேண்டுவது.

நொய்யலும் பவானியும் சிறுவாணியும் ஆழியாறும் இம்மேற்கு மலைகளில் பிறப்பன. சோலை மட்டும் நீர் தருகிறது என்பது பாதி உண்மை. மழையை வாங்கி மண்ணுக்குள் இறக்கி, பள்ளத்துச் சதுப்பு வழியே மெல்லக் கசியவிடுவதில் புல்வெளிக்கும் பங்குண்டு. மரம் நடுவிழாக்களில் கவிதை படிக்க அழைக்கப்பெறும் கவிஞர்கள், நடும் இடம் யாதென ஒருமுறை வினவுதல் நன்று. ஊர்ப்பொட்டலில் நட்ட வேம்பு அறம். குறிஞ்சி பூக்கும் சரிவில் நட்ட சீகை அறமாகாது. அவ்வினாவைக் கவிஞர் எழுப்பினால் அதிகாரியும் செவிமடுப்பார். ஏனெனில் மரத்தைப் புகழ்ந்து அவரைப் பழக்கியது கவிதையே.

புன்மையின் உறவாகக் காணப்பட்ட அதே சொல்லுக்குத் தமிழில் மற்றொரு பொருளும் உண்டு. புல்லுதல் என்பது தழுவுதல். மலையின் முதுகைத் தழுவிக் கிடந்து, மண் சரியாமல் காத்து, எரிந்தும் எழுந்தும் நிற்கும் அதற்கு இப்பெயரே பொருந்தும். 'தரிசு' என்னும் சொல்லால் இழந்த நிலத்தை மீட்க, வேறு சொற்கள் வேண்டும். அவற்றைத் தரவல்லவர் இவ்வவையில் உள்ளனர்.

நீலகிரியிலும் பழனிமலையிலும் 2006இல் பூத்த குறிஞ்சி மீண்டும் 2018இல் பூத்தது. அடுத்த பூப்பு 2030இல் எதிர்நோக்கப்படுகிறது. பத்தாண்டு கண்ட இவ்வட்டம் அன்று மலையேறிச் சென்று கவியரங்கு காண்பதாயின், சோலைக்கும் புல்லுக்கும் இடையே அந்தக் கோடு அப்போதும் இருத்தல் வேண்டும். அதனைக் காக்கும் தீயை அஞ்சவும் மதிக்கவும் அறிந்த தமிழ், அதற்குள் எழுதப்பெறுவதாக.